மெஷின் நடை வேறு, தரை நடை வேறு!

உங்கள் வீட்டுப் பெரியவர் தினமும் காலையில் டிரெட்மில்லில் அரை மணி நேரம் நடக்கிறாரா? ரொம்ப நல்லது. இதயத்துக்கு நல்லது, சர்க்கரை நோய்க்கு நல்லது, உடம்பு எடைக்கும் நல்லது. ஆனால், "தினம் இவ்வளவு நடக்கிறாரே, இனி அவர் எங்கே விழப் போகிறார்!" என்று நீங்கள் நிம்மதியாக இருந்தால், கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

மூட்டு வலி, இடுப்பு வலி என்று என்னிடம் வருகிறவர்களிடம் இந்தக் குழப்பம் நிறையவே இருக்கிறது. 68 வயதான, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் கேட்டார்: "டாக்டர், மெஷின்ல நாற்பது நிமிஷம் ஜம்முனு நடக்கிறேன். ஆனா கல்யாண மண்டபத்துல யாராவது பின்னாலேருந்து கூப்பிட்டா, திரும்பறப்போ தள்ளாடுது. இது எப்படி?"

"சார், ரெண்டு இடத்துலயும் நீங்கதான் நடக்கறீங்க. ஆனா ரெண்டும் ஒரே நடை இல்லை" என்றேன்.

ஏன் ஒரே நடை இல்லை? மெஷினில் தள்ளாடாத கால் மண்டபத்தில் ஏன் தள்ளாடுகிறது? விழாமல் இருக்க எதைப் பழக வேண்டும்? உலகம் முழுக்க நடை ஆராய்ச்சிக்கூடங்களில் இதைப் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. அதில் வீட்டுக்கு உதவுகிறதை மட்டும் ஒரு பாடமாகப் பார்ப்போம்.

விழுவது சின்ன விஷயமா?

"வயசானா விழறது சகஜம்தானே" என்று சொல்லிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். கீழே விழுவதால் மட்டும் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மருத்துவரிடம் போகும் அளவுக்கு அடிபடுகிற விழுதல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 73 லட்சம்.

அமெரிக்காவில் மேரி டினெட்டி என்ற பெண் மருத்துவர் தலைமையில், 75 வயதுக்கு மேற்பட்ட 336 பேரை ஓராண்டு கவனித்தார்கள். 1988-ல் வெளியான அந்த ஆய்வில், 32 சதவிகிதம் பேர் அந்த ஓராண்டுக்குள் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்றும் அதில் தெரிந்தது. தூக்க மாத்திரை, மறதி, கால் பலவீனம், பாதக் கோளாறு, நடையிலும் சமநிலையிலும் குறை என்று காரணங்கள் சேரச் சேர ஆபத்து ஏறிக்கொண்டே போனது. எந்தக் காரணமும் இல்லாதவர்களில் விழுந்தவர்கள் 8 சதவிகிதம். நான்கும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 78 சதவிகிதம்!

ஆக, விழுவது விதி அல்ல. காரணங்களின் கூட்டல் கணக்கு. கணக்கு என்றால் கழிக்கவும் முடியும், இல்லையா?

நடை என்பது என்ன?

குழந்தை நடக்கப் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் சாய்கிறது, விழப் போகிறது, அதற்குள் ஒரு காலை எடுத்து வைத்துத் தப்பித்துக்கொள்கிறது. பெரியவர்கள் நடப்பதும் இதே மாதிரிதான். நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை.

சாதாரண வேகத்தில் நடக்கும்போது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் இருக்கிறோம். இரண்டு காலும் தரையில் படுகிற நேரம் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஒற்றைக் கால் நேரத்தில் உடம்பு பக்கவாட்டில் சாயாமல் இருக்க, அடுத்த காலை எவ்வளவு அகலத்தில், எந்த இடத்தில் வைப்பது என்று மூளை ஒவ்வொரு அடிக்கும் முடிவு செய்தாக வேண்டும்.

இதற்கு மூளைக்கு மூன்று தூதர்கள் செய்தி கொண்டுவருகிறார்கள். ஒன்று, கண். இரண்டு, உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு. மூன்று, உள்ளங்காலிலும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். வயதாகும்போது மூவருமே கொஞ்சம் சோம்பல்படுகிறார்கள். கண்ணில் புரை, நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதத்தில் மதமதப்பு என்று வந்துவிட்டால், மிச்சம் இருக்கிற தூதர் தலையில் எல்லாச் சுமையும் ஏறும்.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இந்த எட்டில் நடைக்குத் தனி இடம் இல்லை. ஆனாலும், நோயாளி வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் வருகிற நடையை, நாடி பிடிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைய நடை ஆராய்ச்சியைப் படிக்கும்போது அந்தப் பாடம் எவ்வளவு சரி என்று தெரிகிறது.

சிறைச்சாலையில் பிறந்த மெஷின்

டிரெட்மில்லின் பூர்வ கதை சுவாரசியமானது. 1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர், சிறைக் கைதிகளுக்குத் தண்டனையாக ஒரு பெரிய மிதிசக்கரத்தை அமைத்துக் கொடுத்தார். படிக்கட்டு மாதிரி உள்ள சக்கரத்தில் கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பெயர்தான் இன்றைய பெல்ட் மெஷினுக்கு வந்து சேர்ந்தது. 1963-ல் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர், பெல்ட் மெஷினில் நடக்க வைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் முறையை வகுத்து வெளியிட்டார். "டி.எம்.டி. எடுத்துட்டு வாங்க" என்று இதய டாக்டர் சொல்கிறாரே, அது இதுதான்.

நடையைப் படிக்கிற விஞ்ஞானிகளுக்கும் இந்த மெஷின் ரொம்ப வசதி. ஆராய்ச்சிக்கூடத்துத் தரையில் நடக்கச் சொன்னால் பத்தடி, இருபதடியில் சுவர் வந்துவிடும். மெஷினில் நின்ற இடத்திலேயே நூற்றுக்கணக்கான அடிகள் கிடைக்கும். காமிராவை நகர்த்த வேண்டாம். விழுந்தால் பிடித்துக்கொள்ள, மேலே கூரையிலிருந்து தோள்பட்டைக்கு ஒரு பாதுகாப்புப் பட்டையையும் கட்டிவிடலாம். ஆனால் மெஷினில் அளந்த நடை, தெருவில் நடக்கிற நடைதானா? இந்தச் சந்தேகம் அவர்களுக்கே வந்தது.

நெதர்லாந்து விஞ்ஞானி வான் இங்கன் ஸ்கெனாவ் 1980-ல் இதற்கு ஒரு விடை சொன்னார். பெல்ட்டின் வேகம் கொஞ்சமும் மாறாமல் இருந்தால், இயந்திரக் கணக்குப்படி இரண்டு நடையும் ஒன்றுதான். ஒரே வேகத்தில் ஓடுகிற ரயில் பெட்டிக்குள் நடப்பதைப் போல. காற்றின் எதிர்ப்பு மட்டும்தான் இல்லை.

சரி, கணக்கு அப்படி. உடம்பு அப்படி நினைக்கிறதா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மெஷின் என்ன உதவி செய்கிறது?

முதலாவது, வேகத்தை மெஷினே முடிவு செய்துவிடுகிறது. தரையில் நடக்கும்போது நம் வேகம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதை மூளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷினில் மூளைக்கு அந்த வேலை இல்லை.

இரண்டாவது, பாதை. மேடு, பள்ளம், ஈரம், கல், நாய், சைக்கிள் எதுவும் கிடையாது. நேர்கோடு. திரும்ப வேண்டாம், ஒதுங்க வேண்டாம், திடீரென்று நிற்க வேண்டாம்.

மூன்றாவது, கண். தரையில் நடந்தால் வீடு, மரம், சுவர் எல்லாம் நம்மைக் கடந்து பின்னால் போகும். மெஷினில் எதிரே உள்ள சுவர் அப்படியே நிற்கும். கால் "நடக்கிறேன்" என்கிறது, கண் "நிற்கிறோம்" என்கிறது. மூளை கொஞ்ச நேரத்தில் சமாதானம் செய்துகொள்கிறது. மெஷினை விட்டு இறங்கியதும் சில விநாடிகள் நாம் வேகமாகப் போவது போலத் தோன்றுகிறதே, அது அந்தச் சமாதானத்தின் மிச்சம். இறங்கிய அந்த நிமிடத்தில் வயதானவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான்காவது, கைப்பிடி. இதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தால், கால் செய்ய வேண்டிய சமநிலை வேலையைக் கை செய்துவிடுகிறது.

2001-ல் அமெரிக்காவில் ஜோனதன் டிங்வெல் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் இதை அளந்து காட்டினார்கள். ஆரோக்கியமான இளைஞர்களையே மெஷினிலும் தரையிலும் தொடர்ந்து நடக்க விட்டார்கள். மெஷினில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள ஏற்ற இறக்கம் குறைந்தது. நடை அதிக நிலையாகக் காணப்பட்டது. அதாவது மெஷினில் ஏறியதும் எல்லோருமே கொஞ்சம் நல்ல நடைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்!

இதில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா? விழப் போகிற குறை ஒருவரிடம் இருந்தாலும், மெஷின் அதை மறைத்துவிடலாம்.

அதே 2001-ல் ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃப் என்பவரின் குழு வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 52 பேரின் பாதத்துக்கு அடியில் அழுத்தம் உணரும் கருவியை வைத்துத் தரையில் நடக்க விட்டார்கள். பிறகு ஓராண்டு காத்திருந்தார்கள். அந்த ஆண்டில் விழுந்தவர்களுக்கும் விழாதவர்களுக்கும் நடை வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தசை பலத்திலும் இல்லை. வித்தியாசம் இருந்தது நடையின் தாளத்தில். விழுந்தவர்களுக்கு ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட நேரம் தாறுமாறாக இருந்தது. மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏற்ற இறக்கம்.

இந்த இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். விழப் போகிறவரைக் காட்டிக்கொடுப்பது தாளம் தப்புவது. மெஷினோ தாளம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. சுருதிப் பெட்டியும் தாளமும் கூடவே இருந்தால் யார் பாடினாலும் ஓரளவு சரியாகத்தான் இருக்கும். அதை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னால்தான் பாட்டு தெரியும்.

பெரியவர்கள் எப்படி விழுகிறார்கள்?

"வழுக்கித்தான் விழுவாங்க" என்று நினைக்கிறோம். கனடாவில் ஸ்டீபன் ராபினோவிச் என்பவரின் குழு, முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் காமிரா வைத்து, உண்மையிலேயே விழுந்த 227 காட்சிகளை ஆராய்ந்தது. 2013-ல் வெளியான அந்த ஆய்வில், 41 சதவிகிதம் பேர் விழுந்ததற்குக் காரணம் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவதில் ஏற்பட்ட தவறு. தடுக்கி விழுந்தவர்கள் 21 சதவிகிதம். வழுக்கி விழுந்தவர்கள் வெறும் 3 சதவிகிதம்தான். சும்மா நின்றுகொண்டிருக்கும்போது விழுந்தவர்கள் 13 சதவிகிதம், உட்காரப் போகும்போது விழுந்தவர்கள் 12 சதவிகிதம்.

அது கனடாவின் முதியோர் இல்லம். ஈரத் தரையும் துவைக்கிற கல்லும் உள்ள நம் வீடுகளில் வழுக்கலை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனாலும் அந்தப் பட்டியல் சொல்லும் பாடம் நமக்கும் பொருந்தும். திரும்புவது, உட்காருவது, எழுவது, நின்றபடி கையை நீட்டிப் பொருள் எடுப்பது... இதில் ஒன்றாவது டிரெட்மில்லில் நடக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு எளிய ஆய்வு ஸ்வீடனிலிருந்து, 1997-ல் வந்தது. முதியோர் குடியிருப்பில் 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் பரிசோதனை! பேச ஆரம்பித்ததும் 12 பேர் நடையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடைக்கே முழுக் கவனமும் செலவாகிவிட்டால், பேச்சுக்கு மிச்சம் இருக்காது. பேச்சில் கவனம் போனால் நடைக்கு மிச்சம் இருக்காது.

மெஷினால் பயனே இல்லையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். இடையூறு செய்யும் மெஷினாக அதை மாற்றினால் நல்ல பயன் உண்டு.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் க்ளைவ் பாய், தன்வி பட் ஆகியோரின் குழு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களை ஒரு நடைபாதையில் நடக்க விட்டு, பாதையில் மறைந்திருந்த நகரும் பலகையால் வேண்டுமென்றே வழுக்க வைத்தது. மேலே பாதுகாப்புப் பட்டை இருந்ததால் யாரும் கீழே விழவில்லை. ஒரே நாளில் 24 தடவை வழுக்கல்! 2014-ல் வெளியான முடிவின்படி, அந்தப் பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்குப் போய் அடுத்த ஓராண்டில் விழுந்த ஆபத்து பாதியாகக் குறைந்தது. தடுமாறித் தப்பிக்கிற வித்தையை உடம்பு கற்றுக்கொண்டு, ஞாபகமும் வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பெல்ட்டைத் திடீரென்று இழுத்து இதே பயிற்சியை டிரெட்மில்லிலும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் கற்றது தரைக்கும் ஓரளவு வந்து சேர்கிறது.

2016-ல் ஐந்து நாடுகளில் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு. அடிக்கடி விழுகிற, 60 முதல் 90 வயது வரை உள்ள 302 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் டிரெட்மில். இன்னொரு பிரிவுக்கு டிரெட்மில்லுடன் எதிரே ஒரு திரை. திரையில் பாதை, குறுக்கே தடைகள். பார்த்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். வாரம் மூன்று நாள், ஆறு வாரம் பயிற்சி. திரையும் சேர்ந்த பிரிவில், ஆறு மாதத்துக்குச் சராசரியாக 11.9 ஆக இருந்த விழுதல் 6 ஆகக் குறைந்தது. வெறும் டிரெட்மில் பிரிவில் 10.7 என்பது 8.3 ஆனது, இதை உறுதியான குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. கால் ஒன்றுதான், மெஷின் ஒன்றுதான். கண்ணுக்கும் புத்திக்கும் வேலை கொடுத்ததுதான் வித்தியாசம்.

இந்த இரண்டையும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பாதுகாப்புப் பட்டையும், பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் செய்தால் மருந்தே நோயாகிவிடும்.

வீட்டிலேயே மூன்று பரிசோதனை

பக்கத்தில் பலமான ஒருவர் நின்றுகொண்டு செய்யுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் விழுந்தவர்கள் மருத்துவர் முன்னிலையில் செய்வது நல்லது.

1. எழு, நட, திரும்பு, உட்கார்: கை உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். ஓட வேண்டாம், வழக்கமான நடையே போதும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். விநாடியை மட்டும் பார்க்காதீர்கள். எழும்போது தள்ளாடுகிறாரா, திரும்பும்போது சின்னச் சின்ன அடியாக நிறைய வைக்கிறாரா என்றும் கவனியுங்கள்.

2. ஒற்றைக் கால்: சமையல் மேடைக்குப் பக்கத்தில், தேவைப்பட்டால் உடனே பிடித்துக்கொள்ளும் தூரத்தில், ஒரு காலைத் தூக்கி 10 விநாடி நிற்க முடிகிறதா? பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். 51-55 வயதில் முடியாதவர்கள் சுமார் 5 சதவிகிதம். 71-75 வயதில் சுமார் 54 சதவிகிதம். முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

3. பேச்சு: வீட்டுக் கூடத்தில் கூடவே நடந்தபடி, "அம்மா, போன வருஷம் பொங்கலுக்கு யார் யார் வந்தாங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா? குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பயிற்சி செய்யலாம்?

108 ஆய்வுகளையும் 23,407 முதியவர்களையும் ஒன்று சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2019-ல் வந்தது. உடற்பயிற்சி, விழும் எண்ணிக்கையை 23 சதவிகிதம் குறைக்கிறது. முக்கியமாகப் பலன் தந்தது சமநிலைப் பயிற்சியும், எழுந்து உட்காருவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியும்தான். வெறும் நடைப்பயிற்சி மட்டும் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. நடையை விட வேண்டாம். அதோடு கீழ்க்கண்டவற்றையும் சேருங்கள். உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்குச் சொல்வது வாரத்தில் மூன்று நாளாவது சமநிலை, தசை பலம் இரண்டுக்கும் பயிற்சி.

எழுந்து உட்காருதல்: சுவரோரம் போட்ட நாற்காலியில், முடிந்தவரை கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 5 தடவையில் ஆரம்பித்து 10 வரை.

குதிகாலைத் தூக்குதல்: சமையல் மேடையைப் பிடித்து முன்னங்காலில் எழும்பி இறங்குங்கள். 10 தடவை.

பக்க நடை: மேடையின் நீளத்துக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில் போய் வாருங்கள். விழாமல் காக்கும் இடுப்புத் தசைகளுக்கு இது நல்லது.

ஒரே கோட்டு நடை: ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி, சுவரைத் தொட்டுக்கொண்டு பத்தடி.

திரும்புதல்: ஒரு நாற்காலியைச் சுற்றி வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்று. பழகிய பிறகு, பேசிக்கொண்டே சுற்றலாம்.

இரண்டு கையால் பிடிப்பதிலிருந்து ஒரு கைக்கு, ஒரு கையிலிருந்து இரண்டு விரலுக்கு என்று வாரா வாரம் பிடியைக் குறைத்து வாருங்கள். கொஞ்சம்கூடத் தள்ளாடாத பயிற்சி சமநிலைக்குப் பயிற்சியே ஆகாது. ஆனால் பிடிக்க எப்போதும் ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் டிரெட்மில் இருக்கிறதா?

* நிற்கும் பெல்ட்டில் ஏறி, மிகக் குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள். ஓடும் பெல்ட்டில் ஏறவே கூடாது.
* அவசர நிறுத்தக் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். அது அலங்காரத்துக்கு இல்லை!
* மெஷினுக்குப் பின்னால் சுவரோ பீரோவோ இருக்கக் கூடாது. நல்ல இடைவெளி வேண்டும்.
* வேட்டி, தழையத் தழையப் புடவை, ஹவாய் செருப்பு வேண்டாம்.
* நடந்தபடி செல்போன் பார்க்க வேண்டாம்.
* புதிதாக நடக்கிற இளைஞருக்கே நடை படிய ஆறு நிமிடம்போல் ஆகிறது. வயதானவர்களுக்குப் பதினைந்து நிமிடமும் போதவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். ஆகவே முதல் சில நாட்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.
* நின்றதும் குதித்து இறங்காதீர்கள். கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்று இறங்குங்கள்.
* பேரக் குழந்தைகள் ஓடும் பெல்ட்டில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கொஞ்சம் திருத்துங்கள்

இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய விளக்கு. குளியலறையில் சுவரில் பதித்த கைப்பிடி. நகரும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். உயரமான நிலைப்படிக்கு, கண்ணில் படும்படி வேறு நிறத்தில் பெயிண்ட்.

எண்ணெய்க் குளியலைச் சிபாரிசு செய்கிற வைத்தியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றபடி குளிப்பது பெரியவர்களுக்கு ஆபத்து. உட்கார்ந்தே தேய்க்கட்டும், உட்கார்ந்தே குளிக்கட்டும். உள்ளங்காலில் எண்ணெய் பட்டால் துடைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். குளித்து முடித்ததும் தரையை அரப்போ சீயக்காயோ போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அடுத்து வருபவரும் அங்கேதான் கால் வைப்பார்.

தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுந்ததும் கண் இருட்டினால், மருந்து கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். எங்கள் சித்த மருந்து சாப்பிட்டாலும் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஒருவேளை விழுந்துவிட்டால்? உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பில் கடுமையான வலி, கால் ஊன்ற முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் அது இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம். தைலம் தேய்க்காதீர்கள், நீவிவிடாதீர்கள், கட்டுப் போட எங்கும் கொண்டுபோகாதீர்கள். அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், அந்த நேரத்துக்கு எலும்பு சர்ஜன்தான் தேவை.

அடிக்கடி கேட்கிற இரண்டு கேள்விகள்

"அப்பா ஒரு தடவை விழுந்ததிலிருந்து வெளியே போகவே பயப்படறார். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமா?"

வேண்டாம். பயந்து உட்கார்ந்தால் தொடைத் தசை மெலியும். மெலிந்தால் மறுபடி விழுவார். ஏன் விழுந்தார் என்று மருத்துவரிடம் காட்டுங்கள். ஊன்றுகோல் கொடுத்து, கூடவே ஒருவர் போய், தெருமுனைவரை நடத்திக்கொண்டு வாருங்கள். "கோல் பிடிச்சா கிழவன்னு நினைப்பாங்க" என்று சொல்வார். "கோல் இல்லாம விழுந்தா படுக்கையிலயே கிடக்கணும்பா" என்று அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

"அம்மாவுக்கு 72 வயசு. டிரெட்மில் வாங்கித் தரலாமா டாக்டர்?"

தெருவில் நடக்க இடம் இல்லை, மழை, வெயில், நாய்த் தொல்லை என்றால் வாங்கலாம். இதய நோய் உண்டென்றால் முதலில் அவர் டாக்டரைக் கேளுங்கள். நீளமான கைப்பிடி இருக்கிறதா, மிக மெதுவான வேகத்தில் ஆரம்பிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூச்சுக்கும் இதயத்துக்கும் அந்த மெஷின் போதும். விழாமல் இருப்பதற்கு, அதே கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, தினம் பத்து நிமிடம் அம்மாவை எழுந்து, உட்கார்ந்து, சுற்றி வரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள். அதற்குக் காசு செலவில்லை. உங்கள் பத்து நிமிடம்தான் செலவு.